குழாய்க்கு வயது கேட்கிறவர்கள்

புதுச்சேரியின் சாரம் பகுதியில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஆலையைப் பற்றிப் பேச்செடுத்தால் சங்கம், சம்பளம், சங்கு என்ற வரிசையில் கதை வரும். சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். பிற்பாடு சுதேசி, ஏ.எஃப்.டி., பாரதி என்று பலகை மாறினாலும் ரோடியர் மில்லைக் கடைசிவரை ரோடியர் மில் என்றே சொன்னவர்கள் அவர்கள். 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தது, இவர்கள் பிறப்பதற்கு முன்பே நடந்தது. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரிதான் சொல்வார்கள். இந்தக் கதைகளில் கொதிகலன் மட்டும் வராது. வெடிக்காத கொதிகலனைப் பற்றி யார் கதை சொல்வார்கள்? அது வெடிக்காமல் இருப்பதற்காக வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் அதன் வயிற்றுக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வந்தார் என்பதும் பேச்சில் இடம்பெறாமலே போய்விட்டது.

அந்தக் காலத்து முறை எளிமையானது. அடுப்பை அணைத்து, நீரை வடித்து, இரும்பு ஆறும்வரை காத்திருப்பார்கள். பிறகு ஆள் நுழையும் துளை வழியாக ஒருவர் விளக்கும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு உள்ளே போவார். உப்புப் படிவைச் சுரண்டிவிட்டு, ஆணி ஆணியாக, தகடு தகடாகத் தட்டிக்கொண்டே வருவார். பிடிப்பு சரியாக உள்ள ஆணி கணீரென்று பதில் சொல்லும். தளர்ந்ததும் விரிசல் விட்டதும் மந்தமாகச் சத்தமிடும். இரும்பு மெலிந்த இடத்தில் சுத்தியல் திரும்பி எழும்பும் விதமே மாறும், மணிக்கட்டுக்கு அது தெரியும். சில கொதிகலன்களில் தாங்குதண்டுகளின் முனையில் மெல்லிய துளை போட்டு வைத்திருப்பார்கள். தண்டு உள்ளே விண்டுவிட்டால் அந்தத் துளை வழியாக நீராவி சீறிக் காட்டிக்கொடுத்துவிடும். காகிதம், கருவி ஒன்றும் கிடையாது. பார்த்தவர் காதும் கையும்தான் சாட்சி.

இதில் ஊருக்கே உரிய ஒரு விநோதமும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1923-லேயே கொதிகலன் சட்டம் வந்துவிட்டது. ஆய்வாளர், சான்றிதழ், புதுப்பிப்பு என்று எல்லாம் அதில் உண்டு. கோட்டக்குப்பம் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அந்தச் சட்டத்துக்கு மதிப்பில்லை, அப்போது இது பிரான்ஸ். ஒரே மான்செஸ்டர் இரும்பு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டப்படியும் இந்தப் பக்கம் வேறு சட்டப்படியும் வெந்துகொண்டிருந்தது. 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறிய பிறகே அந்தப் பிரிவு தீர்ந்தது. நூறு வருடப் பழைய அந்த 1923 சட்டத்தை நாடாளுமன்றம் 2025-ல்தான் மாற்றி எழுதியது.

கொதிகலனுக்குச் சுத்தியல் என்றால், எண்ணெய்த் தொட்டிக்கும் பற்றவைப்புக்கும் சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும். பற்றவைத்த மூட்டின் ஒரு பக்கம் வெள்ளையடித்துக் காயவிடுவார்கள். மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத பிளவு இருந்தால் எண்ணெய் அதற்குள் ஊர்ந்து வந்து வெள்ளையில் கறையாக எழுதும். மயிரிழைக் குழல்களில் திரவம் தானே ஏறும் என்ற பள்ளிக்கூட இயற்பியல்தான். இன்றைக்குச் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பூச்சடித்துக் காத்திருக்கும் ‘டிபி டெஸ்ட்’ இதே சங்கதி, புட்டி மட்டும் புதிது. பழையதெல்லாம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் இந்தச் சோதனையைத்தான் காட்டுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது தண்ணீர்ச் சோதனை. வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்குத் தண்ணீரை ஏற்றி, மணிக்கணக்கில் நிறுத்தி, எங்காவது வியர்க்கிறதா என்று பார்ப்பது. காற்றை அடைக்காமல் தண்ணீரை அடைப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் அமுங்காது, அதனால் அதில் சேரும் சக்தி கொஞ்சம். உடைந்தால் ஒழுகும், அவ்வளவுதான். அடைபட்ட காற்றோ உடைந்தால் ஆளையே எறிந்துவிடும். இந்தச் சோதனையைச் செய்ய நேரமில்லை என்று தட்டிக்கழித்தால் என்ன ஆகும் என்பதற்கு பாஸ்டன் நகரம் சாட்சி. அங்கே வெல்லப்பாகு நிரப்பிய பிரம்மாண்டமான இரும்புத் தொட்டி ஒன்றை முழுக்கத் தண்ணீர் நிரப்பிப் பார்க்கவே இல்லை. அடியில் ஆறு அங்குலம் மட்டும் நிரப்பிப் பார்த்துவிட்டு, சரி என்று விட்டார்கள். ஆரம்பத்திலிருந்தே தொட்டி ஒழுகியது. ஒழுகல் தெரியாமலிருக்க அதற்குப் பழுப்பு வண்ணம் பூசினார்கள். 1919 ஜனவரி 15 அன்று அது பிளந்து தெருவில் பாகு ஆறாக ஓடியதில் 21 பேர் இறந்தார்கள். பழுதை மறைக்க வண்ணம் பூசுகிற பழக்கம் பாஸ்டனோடு முடிந்துவிடவில்லை. கடற்காற்று அடிக்கிற நம் ஊரில் குழாயும் தாங்கியும் தொடும் இடத்தில்தான் துரு முதலில் உட்காரும். அந்த இடத்தில்தான் பெயின்ட் எப்போதும் தடிமனாக இருக்கும்.

காதும் வெள்ளையும் மேற்பரப்போடு நின்றுவிடும். உள்ளே பார்ப்பதற்கு ரான்ட்ஜன் 1895-ல் கண்டுபிடித்த எக்ஸ்ரே வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அது தொழிலாக வேர்விட்டது 1960-களில், திருச்சி திருவெறும்பூரில் பெல் நிறுவனம் உயர் அழுத்தக் கொதிகலன் செய்யத் தொடங்கிய பிறகு. ஒரு மின்நிலையக் கொதிகலனில் ஆயிரக்கணக்கான குழாய் மூட்டுகள். ஒவ்வொன்றையும் யாராவது பற்றவைக்க வேண்டும். அது சரியாகப் பிடித்திருக்கிறதா என்று வேறு யாராவது பார்க்க வேண்டும். பற்றவைப்பவரின் பெருமையும் சம்பளமும் பார்ப்பவரின் கையில் போய் உட்கார்ந்தது. ‘ஆர்டி கிளியர்’ என்ற இரண்டு வார்த்தைக்காக டீக்கடையில் காத்திருந்த வெல்டர்கள் தலைமுறையே உண்டு.

ஆர்டி என்பது கதிர்ப்படம். மருத்துவமனை எக்ஸ்ரே மாதிரிதான், ஆனால் களத்தில் மின்சாரக் கருவியைத் தூக்கிச் சுமப்பது கடினம் என்பதால் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்துவார்கள். விரல்நுனியளவு மூலம், அதைச் சுற்றிக் கனமான கவசப்பெட்டி. அந்தப் பெட்டிக்குப் பெயர் காமிரா. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரியில், சுற்றிலும் கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். மூட்டின் ஒரு பக்கம் ஃபிலிமைச் சுற்றிக் கட்டி, ஈய எழுத்துகளால் மூட்டின் எண்ணை வைத்து, மெல்லிய கம்பிகள் வரிசையாகப் பதித்த சிறு அட்டையையும் ஒட்டுவார்கள். படத்தில் அந்தக் கம்பிகளில் எது வரை தெரிகிறதோ, படம் எவ்வளவு கூர்மை என்பது அதில் தெரியும். பிறகு தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் மூலம் குழல் வழியாக வெளியே ஓடும். நிமிடக்கணக்கில் நின்றுவிட்டு உள்ளே திரும்பும். திரும்பிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, கையிலிருக்கும் அளவி சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் நடந்த மோசமான விபத்துகளில் பல, அந்த அளவியைப் பார்க்காமல் பெட்டிக்கருகே போனவர்களுக்கு நேர்ந்தவை.

இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும். புது மூலத்துக்கு இரண்டு நிமிடம் போதுமானால் இரண்டரை மாதம் கழித்து நான்கு நிமிடம். மூலம் பழசாகப் பழசாக ராத்திரி நீளும், ஷாட் எண்ணிக்கை குறையும், மேஸ்திரியின் முகம் சுளிக்கும். விடிந்ததும் இருட்டறையில் ஃபிலிமைக் கழுவி, வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்ப்பார்கள். குமிழி கரும்புள்ளியாக விழும். கசடு சிக்கியிருந்தால் கோணல்மாணலான கறை. ஆனால் கதிர் வரும் திசைக்குக் குறுக்கே படுத்திருக்கும் விரிசல் அப்படியே தப்பிவிடும். மிக ஆபத்தானதும் விரிசல்தான், மிகச் சுலபமாக ஒளிந்துகொள்வதும் அதுதான்.

அந்த இடத்தில்தான் ஒலி வந்து சேர்ந்தது. உலோகத்துக்குள் மீயொலியை அனுப்பிப் பழுது காணலாம் என்று சோவியத் ஆய்வாளர் செர்கெய் சோகொலோவ் 1928-ல் சொன்னார். எதிரொலியைக் கேட்டு ஆழத்தைக் கணக்கிடும் கருவியை அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் 1940-களின் தொடக்கத்தில் செய்துகாட்டினார். எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5900 மீட்டர் ஓடும். 10 மில்லிமீட்டர் தகட்டின் மறுபக்கத்தைத் தொட்டுத் திரும்ப அதற்கு 3.4 மைக்ரோ விநாடி. அந்த நேரத்தை அளந்தால் தகட்டின் தடிமன் தெரிந்துவிடும், மறுபக்கம் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. தொட்டிக்குள் எண்ணெய் நிரம்பியிருந்தாலும் பரவாயில்லை. ஆலை ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. சுத்தியல்காரர் கேட்ட அதே எதிரொலியை இந்தச் சின்னப் பெட்டி எண்ணாக்கித் தருகிறது.

எண் கிடைத்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நான் நினைக்கிறேன். கருவிகள் மாறியதைவிட அது பெரிய மாற்றம். சுத்தியல்காரரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: நன்றாக இருக்கிறதா, இல்லையா? தடிமன் மில்லிமீட்டரில் கையில் வந்த பிறகு கேள்வி வேறாகிவிட்டது: இது இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

கணக்கு கடினமில்லை. கட்டும்போது 10 மில்லிமீட்டர் இருந்த தகடு இருபது வருடத்தில் 8 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 0.1 தேய்ந்திருக்கிறது. உள்ளிருக்கும் பாரத்தைத் தாங்கக் குறைந்தபட்சம் 6 வேண்டும் என்றால், மிச்சமிருப்பது இருபது வருடம். ஆனால் இருபது வருடம் கழித்து வந்து பார்த்தால் போதும் என்று யாரும் விடுவதில்லை. ஆலைக் குழாய்களுக்கு உலகெங்கும் பின்பற்றும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழக விதி, மிச்ச ஆயுளில் பாதி கழிவதற்குள் மறுபடி வந்து பார் என்கிறது. இந்த உதாரணத்தில் பத்து வருடம். அதுவும் அதிகபட்சம்தான், அபாயமான சரக்கு ஓடும் குழாய்க்கு அதற்கும் முன்பே போக வேண்டும். நாளை துரு வேகமெடுக்காது என்பதற்கு யார் உத்தரவாதம்?

எண்ணெய்த் தொட்டிகளுக்கு இப்படி ஒரு தனி விதிநூல் வந்ததற்குப் பின்னால் ஒரு பேரிடர் இருக்கிறது. 1988 ஜனவரி 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஃப்ளோரெஃப் என்ற ஊரில், டீசல் நிரம்பிய தொட்டி ஒன்று மேலிருந்து கீழ்வரை பிளந்து சரிந்தது. பத்து லட்சம் காலனுக்குக் கொஞ்சம் குறைவான டீசல் மொனொங்காஹெலா ஆற்றில் கலந்தது. தொட்டி புதிதல்ல. வேறொரு மாநிலத்தில் நாற்பது வருடம் உழைத்ததை அறுத்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி பொருத்தியிருந்தார்கள். முழுக்கத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கவில்லை. பழைய தகட்டில் முன்பே இருந்த சிறு பழுதிலிருந்து, குளிர்நாளில், விரிசல் கிளம்பியது. நாற்பது வருடம் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்த பழுது அது. 1991-ல் வெளியான ஏபிஐ 653 என்ற விதிநூலை இன்று சென்னை மணலியிலும் துபாயிலும் ஆய்வாளர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள் என்றால் அதன் முன்கதை இதுதான்.

பிறகு வந்தவை வேகமாக வந்தன. தரைக்குள் ஓடும் நீண்ட எண்ணெய்க் குழாய்க்குள், எண்ணெய் ஓட்டத்தோடே மிதந்து சென்று காந்தப் புலம் எங்கே கசிகிறது என்று பதிவுசெய்யும் ‘பிக்’ என்ற உருளைக் கருவி. இந்தியன் ஆயிலும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து அதை உள்நாட்டிலேயே உருவாக்கின. தொட்டியின் அடித்தகட்டில் மண்பக்கம் பிடித்த துருவை மேலிருந்தே கண்டுபிடிக்கும் உருட்டு வண்டி. ஒரே முனையில் பல சிறு ஒலிமூலங்களை வைத்து, அவற்றைச் சற்றே முன்பின்னாக இயக்கி, ஒலிக்கற்றையையே திருப்பிக்காட்டும் ஃபேஸ்டு அரே. ஐஐடி சென்னையில் கிருஷ்ணன் பாலசுப்ரமணியம் கட்டியெழுப்பிய சிதைவிலா மதிப்பீட்டு மையத்தைச் சுற்றிப் புதிய நிறுவனங்களே முளைத்தன. பிளானிஸ் தண்ணீருக்கடியில் ரோபோவை இறக்குகிறது. டிடெக்ட், சூடான குழாயின்மீது உணரியை நிரந்தரமாகக் கட்டிவைத்து, ஆளே போகாமல் தேய்மானத்தைத் தெரிந்துகொள்கிறது. சோலினாஸ் நகரத்துக் குடிநீர், கழிவுநீர்க் குழாய்க்குள் ரோபோவை அனுப்புகிறது. புதுச்சேரியில் ஈசிஆரில் வடக்கே போனால் வருகிற கல்பாக்கத்தில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். அதிவேக ஈனுலையின் நீராவி உற்பத்திக் கலன்களில் 23 மீட்டர் நீளக் குழாய்கள். சுவருக்கு ஒரு பக்கம் திரவ சோடியம், மறுபக்கம் தண்ணீர். இரண்டும் சந்தித்தால் கதை முடிந்தது. அந்த மெல்லிய குழாய்களின் உள்ளிருந்தே சுழல்மின்னோட்டத்தால் சோதிக்கும் முறையை இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் தானே உருவாக்கியது.

அந்த மையத்தின் முன்னாள் இயக்குநர், 2018-ல் மறைந்த பல்தேவ் ராஜ் இத்துறையில் பெரிய பெயர். குழாயோடு நிற்காமல், தென்னாட்டுச் செப்புத் திருமேனிகளையும் இதே கதிர்ப்படத்துக்கும் ஒலிக்கும் உட்படுத்தி, ஒவ்வொரு சிலைக்கும் கைரேகை போல ஓர் அடையாளம் பதிவுசெய்யலாம் என்று சென்னை அருங்காட்சியகத்தோடு சேர்ந்து செய்துகாட்டினார். சிலை களவுபோய், போலி திரும்பி வந்தால் உள்ளிருக்கும் குமிழிகளே காட்டிக்கொடுத்துவிடும். விஷயத்துக்கு வெளியே போகிறேன் என்று தெரிகிறது, ஆனால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

சாரத்துக்குத் திரும்புவோம். ஆலைகள் மூடிவிட்டன, ஏ.எஃப்.டி. 2020-ல் கதவடைத்தது. ஆலை வேலைக்குப் போயிருக்க வேண்டிய பையன் இப்போது டிப்ளமோ முடித்துவிட்டு, பொருளைச் சிதைக்காமல் சோதிக்கக் கற்றுத்தரும் ‘என்டிடி கோர்ஸ்’ படிக்கிறான். பிடி (சாயம்), எம்டி (காந்தத்துகள்), யுடி (மீயொலி), ஆர்டி என்று ஒவ்வொன்றுக்கும் லெவல் டூ சான்றிதழ், ஒவ்வொன்றுக்கும் கட்டணம். அந்தச் சான்றிதழ் முறைக்கு அடிப்படையான, அமெரிக்கச் சிதைவிலாச் சோதனைச் சங்கத்தின் பரிந்துரை 1960-களில் வெளியானது. அதன்படி வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனையும் கட்டாயம். கிட்டத்தில் சிறிய எழுத்து தெரிய வேண்டும். பிறகு குஜராத்தின் ஜாம்நகர், சவூதியின் ஜுபைல், அபுதாபியின் ருவைஸ். சுத்திகரிப்பு ஆலை நின்றிருக்கும் சில வாரங்களில், ஷட்டவுன் வேலைக்கு, ஒப்பந்தத்தில். ஒரு ஆலை நின்றால் நாளுக்கு எத்தனை கோடி நட்டம் என்று சொல்லிக்கொண்டேதான் அவனை உள்ளே அனுப்புவார்கள்.

இங்கேதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது. சுத்தியல்காரர் கொதிகலனை விட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, ‘ஓட்டாதீங்க’ என்று சொன்னால் அது நின்றது. அவர் அரசு ஆய்வாளராகவோ, முதலாளியே மரியாதை கொடுக்கும் மூத்த மேஸ்திரியாகவோ இருந்தார். இன்றைய பையன் எண்ணை எடுத்துக் கொடுக்கிறான். முடிவெடுப்பவர் வேறொரு ஊரில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பையனுக்குத் தெரிந்ததெல்லாம் திரைக்குப் போவதில்லை. ‘அந்த வளைவுகிட்ட சாரம் கட்டலை சார், கைக்கு எட்டற இடத்துல மட்டும்தான் எடுத்தேன்’ என்பதற்கு அட்டவணையில் கட்டமே கிடையாது. கட்டம் காலியாக இருந்தால் கேள்வி வரும் என்பதால் பக்கத்து எண்ணையே நிரப்பிவிடுகிற கையும் உண்டு. கதிர்ப்படத்திலும் உலகமெங்கும் தெரிந்த ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. நன்றாக வந்த ஒரு மூட்டையே திரும்பத் திரும்பப் படமெடுத்து, ஈய எண்ணை மட்டும் மாற்றி, எடுக்காத மூட்டுகளுக்குக் கணக்குக் காட்டுவது. அனுபவப்பட்ட கண் இரண்டு ஃபிலிமைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே கண்டுகொள்ளும், ஒரே குமிழி இரண்டு மூட்டில் இருக்காது. டிஜிட்டல் படம் வந்த பிறகு நேரமும் இடமும் கூடவே பதிவாவதால் இது குறைய வேண்டும். தொழில் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கருவியும் கணக்கும் தெரிந்த ஊரிலும் குழாய் எப்போதும் ஏட்டின்படி நடப்பதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில், கப்பலிலிருந்து ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்துபோயிருந்தது. புயலில் கரையோரக் கற்பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. அப்படியென்றால் வருடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் தேய்ந்தது என்ற கணக்கு அங்கே எதற்கு உதவும்? கணக்கு துருவுக்குத்தான், புயலுக்கு அல்ல. புயல் கடந்த மறுநாளே இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற விதிதான் அங்கே தேவை.

அதே வருடம் மார்ச் தொடக்கத்தில், காரைக்காலுக்குப் பக்கத்தில், நாகூர் பட்டினச்சேரி கடற்கரையில் சிபிசிஎல் நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தது. அடைத்துவிட்டோம், சோதித்துவிட்டோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். மீனவர்கள் சோதனை அறிக்கையைக் கேட்கவில்லை. எத்தனை வருடம் தாங்கும் என்றும் கேட்கவில்லை. குழாயையே எங்கள் கரையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள்.